விடுபட்ட பெயர்

ஸ்மரந்தாவின் தன்வரலாறு க்ளூஜ் நகரக் கடைகளுக்கு வந்த அன்றே வெட்டூரியா ஒரு பிரதி வாங்கினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் படித்தாள்; இறுதியிலிருந்த பெயர்ப் பட்டியலை இருமுறை சரிபார்த்தாள். பிறகு நூலை எடுத்துக்கொண்டு தோழியின் வீட்டுக்கே சென்றாள்.

“பால்காரி இருக்கா. தபால்காரர் இருக்கார். உன் சொறிப் பூனைகூட இருக்கு! நாப்பது வருஷமா வியாழன் தவறாம உன்கூடக் காபி குடிச்ச நான் எங்கடி?”

ஸ்மரந்தா வழக்கம்போல் செர்ரி ஜாம் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். “முதல்ல உக்காரு.”

“மாட்டேன். நீ சிறையில இருந்தப்போ உன் மகளுக்கு ரொட்டி கொடுத்தது யாரு? இதுக்குப் பேரு துரோகம்!”

“ரகசியப் போலீஸ்கிட்ட என்னைக் காட்டிக்கொடுத்த ஏழு பேரைப் பத்தி எழுதியிருக்கேனே, படிச்சியா?”

“படிச்சேன். ஆறு பேரைச் சந்தி சிரிக்க வச்சிருக்கே. ‘வானம்பாடி’ங்கிற பேர்ல உளவு சொன்ன ஆள் மட்டும் யாருன்னு தெரியலைன்னு எழுதியிருக்கே.”

“என்னைப் பத்தின போலீஸ் கோப்பைப் படிக்கக் கொடுத்தாங்க. அந்த ஆளோட அறிக்கை எல்லாத்துலயும் வெள்ளிக்கிழமைத் தேதி. முந்தின நாள் நான் என்ன ஜாம் வச்சேன்னுகூட விடாம இருக்கு.”

வெட்டூரியா மெல்ல உட்கார்ந்தாள்.

“யாருன்னு தெரியலைங்கிறதுதான் அந்தப் புத்தகத்துல நான் எழுதின ஒரே பொய். அந்த ரொட்டிக்காக எழுதினேன்.” ஸ்மரந்தா காபியை ஊற்றினாள். “உன் பேரு வந்தே ஆகணும்னா சொல்லு. அடுத்த பதிப்புல சேத்துடறேன்.”