கல் தா

புனேயின் விஷ்ராந்த்வாடி மேல் மழைமேகம் இறங்கி நிற்கிறது; நாலு மணிக்கே அறையில் விளக்கு எரிகிறது. நாளைய இண்டர்வியூவுக்காகக் கட்டில் முழுக்கத் துணியைப் பரப்பியிருக்கிறாள் சுஷ்மா. விறைப்பான கோட்டுக்குள் மூச்சு முட்டுகிறது. உடம்போடு இழைகிற சாம்பல் நிறப் பருத்திக் குர்தாவையே எடுத்து இஸ்திரி போடுகிறாள். எதிர் பால்கனியில் யாரோ கொடியிலிருந்து துணிகளை அவசரமாக உருவுகிறார்கள். தேதியை மெயிலில் அனுப்புவதாகச் சொன்ன பாணேர் ஆபீஸிலிருந்து மெயில் வரவேயில்லை; மத்தியானம் போன்தான் வந்தது. அவள் வெளியே போயிருந்ததால் அம்மா விசாலாக்ஷி எடுத்தாள். திருப்பி அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. அம்மா புனேவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"இந்தியில பேசினான்ங்கற, உனக்கு எப்படிம்மா புரிஞ்சுது?"

"'கல்'னா நாளைக்குன்னு தெரியாதா எனக்கு? 'இண்டர்வியூ கல் தா'ன்னான். கல்லைக் குடுன்னு கேக்கற மாதிரி!" அம்மா சிரிக்கிறாள்.

சுஷ்மாவின் கை நின்றுவிடுகிறது. இந்தியில் நாளைக்கும் கல்தான், நேற்றைக்கும் கல்தான். பின்னால் 'தா' வந்துவிட்டால் அது முடிந்துபோன நேற்று.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

இஸ்திரிப் பெட்டிக்கடியில் பருத்தி கருகத் தொடங்குகிறது. அம்மா இந்த முறை நிறுத்தி, 'தா'வை நன்றாக அழுத்திச் சொல்கிறாள்.