நீக்கிய முன்னுரை

மெசபடோமியக் களிமண் பலகைகளில் கிடைத்த பிரளயக் கதையை வெண்ணிலா பல வருடம் உழைத்துத் தமிழாக்கினாள். பைபிளின் நோவா கதைக்கு அது மூத்தது என்று விரிவாக முன்னுரையும் எழுதினாள்.

"சாமி விசயம் அம்மிணி. நம்மள ஊருல இருக்க உடமாட்டாங்க. முன்னுரையை எடுத்துரு" என்று கணவன் சக்திவேல் கெஞ்சினான். மனமில்லாமல் எடுத்தாள்.

ஏற்காட்டில் அவன் பேசவிருந்த கருத்தரங்குக்கு, அவனிடம் சொல்லாமலே மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

அவன் அந்த முன்னுரையைத்தான் தன் ஆய்வென்று வரி மாறாமல் வாசித்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இத்தன நாளா ஏனுங்க வெளியிடல?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்கூட்டுச் சம்சாரத்துக்குச் சாமி பயம் நொம்பங்க. அவதான் உடல."

வெண்ணிலா எழுந்தாள்.

"அந்தச் சம்சாரம் நாந்தானுங்க. இதை எழுதினவளும் நாந்தானுங்க."