வெர்லீனின் கூட்டாளி

“கையில ஆட்டின் சீட்டு இருக்கு. நீ எதுக்கு இஸ்பேட்ல வெட்டின?”

வெர்லீன் போட்ட அதட்டலில், விலா இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தனர்.

“மன்னிச்சிடுங்க, மேடம். பின்னால ஒளிஞ்சிருந்துச்சு,” என்றாள் கிர்ஸ்டன்.

அலபாமாவில் ஆண்டுதோறும் கூடும் அந்தக் கறுப்பினக் குடும்பத்தின் சந்திப்புக்கு அவள் வருவது இதுவே முதல்முறை. கைக்குழந்தையாக இருந்தபோதே மினசோட்டாவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குத் தத்துப் போனவள். அவளைப் பெற்ற ராஸ்கோ, வெர்லீனின் தம்பி. இப்போது உயிரோடு இல்லை.

அங்கே ஒருவரையொருவர் கேலி செய்யாத வாயே கிடையாது. கிர்ஸ்டனுக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள், முதல் தட்டைக் கொடுத்தார்கள், மரியாதையாகச் சிரித்தார்கள்.

“அங்க நான் கறுப்புப் பொண்ணு. இங்க வெள்ளைக்கார வீட்டுப் பொண்ணு,” என்று வெர்லீனிடம் மட்டும் மெல்லச் சொல்லியிருந்தாள். சீட்டாட்டத்தில் வெர்லீன் அவளைத் தன் கூட்டாளியாக்கிக்கொண்டது அதன் பிறகுதான்.

“சீட்டை வச்சுக்கிட்டே வெட்டினா மூணு பிடி அபராதம். நாம பிடிச்சதுலேர்ந்து எடுத்து அவங்ககிட்ட குடு,” என்றாள் வெர்லீன்.

எதிரணியில் ஆடிய அவள் மகன் டெரன்ஸ் நெளிந்தான். “விடும்மா. நாங்களும்தான் பாத்தோம். வாயத் திறந்தோமா? பாவம், விருந்தாளி.”

அந்தச் சொல்லில் கிர்ஸ்டனின் முகம் சுருங்கியது.

வெர்லீன் தானே மூன்று பிடிகளையும் எதிரணிப் பக்கம் தள்ளினாள். ஆட்டம் போயிற்று. பல ஆண்டுகளாக அந்த மேசையில் அவள் தோற்றதில்லை.

“வெர்லீனைக் கவுக்க மினசோட்டாவுலேர்ந்து ஆளு வரவேண்டியிருந்துச்சு,” என்று அடுப்பருகிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

டெரன்ஸின் கூட்டாளியான பெர்ஸி மாமாவுக்கு மட்டும் விளங்கவில்லை. “கண்டும் காணாம இருந்தா நீ ஜெயிச்சிருப்பியே, வெர்லீன்?”

“விருந்தாளி தப்பு பண்ணா காணாமத்தான் இருப்பேன். இவ என் தம்பி மக. அவனும் இப்படித்தான், கையில வச்சுக்கிட்டே முழிப்பான்.” பிறகு கிர்ஸ்டன் பக்கம் திரும்பினாள். “என்ன இளிப்பு? தோத்தவங்கதான் சட்டி கழுவணும். எழுந்திருடி.”

கிர்ஸ்டன் அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

“சோப்பு எங்க இருக்கு, அத்தை?”