ஈ உட்காராத தோல்

ஏரி காய்ந்த பிறகும் ஒரு மூலையில் மட்டும் புல் பச்சையாக நின்றது. புல்லுக்குள் ஒரு பூஞ்சை வாழ்கிறது, அதனால் வறட்சியைத் தாங்குகிறது, பூச்சியும் அண்டாது என்றாள் ஆராய்ச்சிக்கு வந்த எப்சி.

அங்கே மேய்ந்த ஆட்டைக் கறிக்கடை இம்தியாஸ் அறுத்தான். தோலுக்கு உப்பு போட மறந்துவிட்டான். நான்கு நாளாகியும் அது நாறவில்லை. ஆம்பூர் தோல் மண்டியில் மற்ற தோல்களில் ஈ மொய்த்தது. இதில் ஒன்றுகூட இல்லை.

செய்தி கேட்டு எப்சி ஓடிவந்தாள்.

"கறிய என்ன பண்ணீங்க?"

"வூட்லயே ஆக்கிட்டோம், மேடம்."

மே மாத வெயிலில் அவனுக்கு வியர்க்கவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வேணாம் மேடம். நாலு நாளா யாருக்கும் தாகமே எடுக்கல. கைக்கொழந்தகூட பால் கேட்டு அழல."

அவன் விரலில் கத்தி கிழித்த காயம் திறந்தே இருந்தது. அதில் ஓர் ஈகூட உட்காரவில்லை.