புது டிஸ்க்கின் சத்தம்

ஸ்க்ரூடிரைவரின் நுனியை டிவிக்குக் கீழிருந்த கறுப்புப் பெட்டியின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பதினோரு வருஷமாக அவள் பார்க்கும் வேலை இது. பேரிங் தேய்ந்திருந்தால் மோட்டார் முனகும். ஷாஃப்ட் கோணியிருந்தால் விட்டுவிட்டு உறுமும். காதில் விழுந்த மறுநிமிஷம் சொல்லிவிடுவாள்.

பெட்டிக்குள்ளிருந்த புது ஹார்ட் டிஸ்க் சீராகத்தான் சுற்றியது.

ஆனால் அதற்குமேல் இன்னொரு சத்தம்.

கறக். கறக் கறக்.

வியாழக்கிழமை மாட்டியது. பழைய டிஸ்க் கண்ணை மூடுவதற்குள், உள்ளேயிருந்த படம், தொடர் அத்தனையையும் அவளே புதியதற்கு மாற்றியிருந்தாள். படங்களைச் சேமித்துவைக்கும் அந்தப் பெட்டி அவளுடையதல்ல. அவள் புருஷன் சபரிநாதன் ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கோத்தது. பதினான்கு மாதத்துக்கு முன் அவளைப் பிரிந்து ஓசூருக்குப் போனபோது துணிமணியையும் பைக்கையும் எடுத்துக்கொண்டான். இதை மட்டும் டிவிக்குக் கீழேயே விட்டுவிட்டான்.

"எலி பிறாண்டறாட்ட இருக்குது கண்ணு," என்றாள் அம்மா, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே. "கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துப்போடு. அப்படியே அந்தக் காயிதத்துலயும் கையெழுத்தப் போட்டுரு. எத்தன நாளைக்கு மேசமேல கெடக்கறது?"

பிரியச் சம்மதம் என்று இருவரும் சேர்ந்து கோர்ட்டுக்குக் கொடுக்கும் மனு. அவன் கையெழுத்துப் போட்டாயிற்று. நாளை காலை வக்கீல் ஆபீசில் சேர்க்க வேண்டும். அவளுக்கும் போடக் கூடாது என்றில்லை. பேனாவை எடுப்பாள், பெட்டி கறக் என்னும், எழுந்து போய்விடுவாள். நான்கு நாளாக இதே சாக்கு.

அம்மா படுக்கப் போனாள்.

அவள் கடைக்குப் போன் போட்டாள்.

"பெரிய டிஸ்க்குன்னா அப்பிடித்தானுங்க மேடம்," என்றார் கடைக்காரர். "யாராச்சும் படம் பாக்கறப்ப உள்ள ஊசி ஓடி ஓடித் தேடுமுங்க. அந்தச் சத்தம்தான். பாக்கலீன்னா கம்முனு கெடக்கும்."

பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பெட்டியின் நாலு மூலைக்கும் அடியில் கொடுத்தாள். அதிர்வு அடங்கியது.

கறக் மட்டும் அடங்கவில்லை.

டிவி அணைந்திருந்தது.

அம்மாவின் குறட்டை உள்ளேயிருந்து வந்தது.

அப்படியென்றால் படம் பார்ப்பது யார்?

போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்தாள். பெட்டியிலிருப்பதை நெட் வழியாக வெளியூரிலிருந்தும் பார்க்கலாம்; யார், எங்கிருந்து, எதைப் பார்க்கிறார்கள் என்று அதில் தெரியும். இதுவரை அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

சபரிநாதன். ஓசூர். ஆறாவது எபிசோட்.

முதலில் கோபம்தான் வந்தது. வீட்டைவிட்டுப் போனவனுக்கு இந்த வீட்டுப் பெட்டியில் என்ன வேலை?

பிறகு பட்டியலைத் தள்ளிப் பார்த்தாள்.

நேற்று, ஐந்தாவது. முந்தாநாள், நாலாவது. ஆறு முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. தள்ளத் தள்ள அதேதான். அவன் கிளம்பிப்போன மாதம்வரை அது நீண்டது.

பழைய டிஸ்க் மூச்சே விடாது. பதினான்கு மாதமாக இதே கூடத்தில் இது நடந்திருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் அவள் தினமும் சாப்பிட்டிருக்கிறாள்.

காணாமல்போன படகைத் தேடும் கதை அது. ஆறு எபிசோடையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், மடியில் தட்டோடு, சேர்ந்து பார்த்தார்கள். கடைசியான ஏழாவது தொடங்குமுன் பேச்சு தடித்துவிட்டது. எதற்கு என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. அவன் சொன்னது மட்டும் நினைவிருந்தது.

"பம்பு முனகுனா ஓடற. நான் முனகுனா உனக்குக் கேக்கறதே இல்ல."

அதற்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாவதை அவள் இன்னும் பார்க்கவில்லை. படகு என்னவாயிற்று என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். யாராவது சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டித் தடுத்துவிடுவாள். ஏன் என்று கேட்டிருந்தால், பார்க்க நேரமில்லை என்றிருப்பாள்.

தரையிலேயே உட்கார்ந்தாள். துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, அம்மா எழுந்துவிடாமல், கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதாள்.

கறக். கறக்.

இந்தப் பதினான்கு மாதத்தில் வக்கீல் பெயரையும் தேதியையும் தவிர அவனுக்கு அவள் எதுவும் அனுப்பியதில்லை. அந்த மெசேஜுக்குக் கீழேயே தட்டினாள்.

"ஏழாவது பாக்கலயா?"

அனுப்பினாள்.

பெட்டியில் சத்தம் நின்றது.

டிஸ்க் சுற்றுவது மட்டும் கேட்டது.

"நீ பாத்துட்டயா?" என்று வந்தது.

பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆப்பைப் பார்த்து அவன் கண்டுபிடிக்கலாம், ஆனால் கேட்கமாட்டான். விரல் அதற்கே போயிற்று.

"இல்ல," என்று அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது.

"இரு. பாத்துறாத."

ஓசூரிலிருந்து பைக்கில் அவன் வந்துசேர ஆறேழு மணி நேரமாகும்.

எழுந்து முகத்தைக் கழுவினாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, தோசை மாவு காலையில் மூன்று பேருக்குப் போதுமா என்று பார்த்தாள்.