தளிர்ப்பச்சைக்கு ஒரு ஸ்வெட்டர்

துணிக்கடை திறக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. தெருவைப் பார்த்த காட்சிக் கண்ணாடிக்குள், துணி மாட்டும் பொம்மையின் பக்கத்தில், வெறுங்காலோடு நிற்கிறாள் கடைக்காரியின் நாத்தனார். உதட்டிடுக்கில் நாலு குண்டூசி. அவள் தனியாகச் செய்யும் முதல் ஜோடனை இது. வரப்போகும் பருவத்தின் நிறமான தளிர்ப்பச்சையில் கவுனை மாட்டியாயிற்று. காலை வெயில் பட்டு அது மினுங்குகிறது. ஆனால் வெளியே போகிறவர்கள் இன்னும் குளிருக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பொம்மையே வெடவெடன்னு நடுங்குற மாதிரி இருக்கு. பேசாம பழைய கம்பளிக் கோட்டையே மாட்டிடு," என்கிறாள் அண்ணி, சாவிக்கொத்தைக் குலுக்கியபடி. "ஒரு நிமிஷம் அண்ணி," என்று உதடு பிரியாமல் சொல்லிவிட்டு, தான் போட்டிருக்கும் சாம்பல்நிற ஸ்வெட்டரைச் சட்டென்று கழற்றுகிறாள். பொம்மையின் தோளில் போர்த்தி, ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் முன்னால் தளர்வாக முடிச்சுப் போடுகிறாள். முழங்கையில் நூல் பிரிந்த இடத்தை உள்ளே மடித்து ஊசி குத்துகிறாள். சாம்பலுக்குக் கீழே பச்சை எடுப்பாகத் தெரிகிறது. பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடுகிறாள். பையைத் தரையில் வைக்கிறாள். தன் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றி, மஞ்சள் சட்டைக்கு மேல் அதேபோல் போர்த்தி, அதேபோல் முடிச்சுப் போட்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குப் பின்னால் பஸ் போகிறது. அவள் திரும்பவில்லை. சாவிக்கொத்தின் சத்தம் நின்றிருக்கிறது. மிச்ச ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, கை மயிர் சிலிர்க்க, நாத்தனார் சொல்கிறாள்: "கதவைத் திறங்க அண்ணி."