நூறு வயது இறக்கை

பால்காரர் தங்கப்பழம், பதினெட்டு வருஷம் பால் கேன் சுமந்த தன் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி, அந்தக் காலத்து விமானம் போலவே கொட்டகையில் தானே செய்த விமானத்தின் மூக்கில் மாட்டினார்.

எஞ்சினுக்கு ஒன்றும் புரியவில்லை. சக்கரத்துக்குப் பதில் ஒரு மரக்கட்டையைச் சுழற்ற வேண்டியிருந்தது.

"இது என்ன வண்டிங்க?" என்று இறக்கையிடம் கேட்டது.

"விமானம். எனக்கு நூறு வயசு. நீ புதுசு, பேசாம சுத்து," என்றது இறக்கை. அதன் மேல் வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

பெரியவர் சொன்னால் சரி என்று எஞ்சின் உறுமியது. தரை கீழே போய்விட்டது. வேகத்தடையும் இல்லை, தெருமுனையும் இல்லை. எங்கே வேகத்தைக் குறைப்பது? குழம்பிப்போய் இறக்கையைப் பார்த்தால், அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"நூறு வயசுக்காரருக்கு என்னங்க நடுக்கம்?"

"போன மாசம்தான் என்னை ஒட்டினாங்க. பழசு மாதிரி இருக்கணும்னாங்க, இருந்தேன்."

"அப்போ இறங்குற விதம் யாருக்குத்தான் தெரியும்?"

"ஓட்டுறவரு இருக்காரே."

எஞ்சின் திரும்பிப் பார்த்தது. தங்கப்பழத்தின் வலது கால், பிரேக்கைத் துழாவிக்கொண்டிருந்தது.